உடம்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா ரத்தத்துல வைட்டமின் சி ரொம்ப கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கு, நம்பறதா வேண்டாமா?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கங்க. நான் கோயமுத்தூர், வயசு 36, பம்பு கம்பெனில டிசைன் வேலை. தண்ணி, சிகரெட் எதுவும் கிடையாது, பிபி சுகர் எல்லாம் நார்மல், வருசத்துக்கு ஒருக்கா மாஸ்டர் செக்கப் பண்ணுவோம், இந்த தடவ வீட்டுக்காரம்மா பேக்கேஜ் புக் பண்றப்ப கூட 600 ரூபாய் போட்டா ஆன்டிஆக்சிடன்ட் ப்ரொஃபைல்னு, செல்ல பாதுகாக்கற வைட்டமின்கள அளக்கற டெஸ்ட் ஒண்ணு சேத்தி எடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க, சரின்னு போட்டுட்டாங்க.

ரிசல்ட் இது தாங்க. வைட்டமின் சி 0.17 மி.கி ஒரு டெசிலிட்டருக்கு, பக்கத்துலயே செவப்புல டெஃபிஷியன்ட்னு அடிச்சிருக்கு. வைட்டமின் ஈ லிட்டருக்கு 14 மி.கி, நார்மல். பீட்டா கரோட்டின் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம், லோ. மொத்த கொலஸ்ட்ரால் 248.

ரிப்போர்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே லேப்ல இருந்து ஃபோன், உங்க செல்லுக்கு பாதுகாப்பே இல்லைங்க சார், மூணு மாசத்துக்கு ஒரு பேக் இருக்கு, அதுல வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ 400, பீட்டா கரோட்டின் எல்லாம் வரும்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. வாரத்துக்கு மூணு நாள் கீரை சாப்பிடறேன், எலுமிச்சை சாதம் ஆபீசுக்கு கொண்டு போறேன், ஈறுல ரத்தம் வரலை, காயம் பட்டா ஆறுது, சோர்வு கூட பெருசா இல்லை. அப்பறம் எப்படி இவ்வளவு கம்மி? ஆரோக்கியமா இருக்கற ஆளுக்கு இந்த டெஸ்ட் எடுக்கறதுல அர்த்தம் இருக்குதுங்களா? மாத்திரை வாங்கறதா வேண்டாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தீபா_லேப்:

வணக்கம் அண்ணா. நான் திருச்சி, பயோகெமிஸ்ட்ரி லேப்ல 11 வருசமா இருக்கேன், இப்ப ஆராய்ச்சி சாம்பிள்தான் அதிகம் பாக்கறேன், இந்த வைட்டமின்லாம் என் கையால ஓட்டியிருக்கேன். மாத்திரைய பத்தி நான் பேசல, அது டாக்டருங்க சொல்லணும். மொதல்ல அந்த 0.17-ங்கற நம்பரே உங்க உடம்போட நம்பரான்னு பாக்கணும்.

நாலு விசயம் சொல்லுங்க. ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க, ரிப்போர்ட்ல சாம்பிள் ரிசீவ்டுன்னு எத்தனை மணி போட்டிருக்கு, எடுத்த பையன் டியூப ஐஸ்ல வெச்சாரா, அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி காய்ச்சல் ஏதும் வந்துச்சா.

ஏன் கேக்கறேன்னா, வைட்டமின் சி ரத்தத்துல ரொம்ப அவசரக்கார பொருள். அதோட வேலையே மத்தத காப்பாத்த தன்னைத்தானே ஆக்சிஜனுக்கு குடுக்கறதுதான், அந்த வேலைய அது டியூபுக்குள்ளயும் நிறுத்தாது. ஊசி வெளிய வந்த நிமிசத்துல இருந்து ஆக்சிடைஸ் ஆகி டீஹைட்ரோஅஸ்கார்பிக் ஆசிடா மாறும், அதுவும் நிக்காம உடைஞ்சு போகும், உடைஞ்சத திரும்ப கொண்டு வர முடியாது. சூடு, வெளிச்சம், நேரம் மூணும் எதிரி. எடுக்கறப்ப ரத்த அணு உடைஞ்சு பிளாஸ்மா லேசா செவந்து போச்சுன்னா ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்பு சேந்து இன்னும் சீக்கிரம் தின்னுடும்.

சரியா பண்றதுன்னா எப்படின்னா, டியூப் எடுத்த உடனே ஐஸ்ல சொருகணும், இருட்டா இருக்கணும், சீக்கிரமே குளிர் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி பிளாஸ்மாவ மேல இருந்து உறிஞ்சி, அப்பவே மெட்டாபாஸ்பாரிக் ஆசிட் கலந்துடணும். கலந்த உடனே தெளிவா இருந்த மஞ்ச தண்ணி தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா ஆகும், அது புரோட்டீன் படியறது, வைட்டமின் சி மட்டும் அமிலத்துக்குள்ள பத்திரமா நிக்கும். அத அப்படியே மைனஸ் 70, 80 டிகிரி ஃப்ரீசர்ல போட்டா அப்பறம் ஓட்டிக்கலாம். ஓட்டறது ஹெச்பிஎல்சில, அதாவது கலவைல இருக்கற பொருள தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின்ல. முன்ன காலத்துல டைநைட்ரோபினைல்ஹைட்ராசின் போட்டு கலர் வர வெச்சு பாப்பாங்க, அதுல வைட்டமின் சி இல்லாத வேற சிலதும் சேந்து கலர் குடுக்கும்.

நான் சேந்த புதுசுல எங்க மேடம் ஒரு நாள் என் ரத்தத்தையே எடுத்து ரெண்டா பிரிச்சு, ஒண்ண ஐஸ்ல வெச்சு ஆசிட் போட வெச்சாங்க, இன்னொண்ண ஜன்னல் பக்கம் ஸ்டாண்டுல மத்தியான சாப்பாடு வரைக்கும் விட்டாங்க. சாயங்காலம் ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி காமிச்சாங்க, ஒரே ஆளு ஒரே காலை, ஒரு பீக் நெடுநெடுன்னு நிக்குது இன்னொண்ணு குட்டையா கெடக்கு. அந்த பேப்பர் இன்னும் என் நோட்டுல இருக்கு. அன்னில இருந்து வைட்டமின் சி சாம்பிள் வந்தா டீ கூட அப்பறம்தான்.

வைட்டமின் ஈ, கரோட்டின் அந்த அளவுக்கு அவசரம் இல்ல. அதுங்க கொழுப்போட ஒட்டிகிட்டு இருக்கும், டியூப்ப அலுமினிய ஃபாயில்ல சுத்தி வெளிச்சம் படாம வெச்சா தாங்கும். ஆல்கஹால் போட்டு புரோட்டீன தள்ளி, ஹெக்சேன் ஊத்தி குலுக்கினா மேல ஒரு லேயர் பிரியும், எல்லாம் அதுலதான் இருக்கும், நல்லா காய்கறி சாப்பிடறவங்களுக்கு அந்த லேயரே கண்ணுக்கு மஞ்சளா தெரியும். அத ஆவியாக்கிட்டு ஹெச்பிஎல்சில விட்டா வைட்டமின் ஈய 292 நானோமீட்டர் ஒளியில, கரோட்டின 450-ல ஒரே ஓட்டத்துல பாத்துடலாம். அதனால உங்க ஈ, கரோட்டின் ரெண்டும் ஓரளவு நம்பலாம். சி மட்டும் எனக்கு உறுத்துது.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க தீபா. இப்பத்தான் ரிப்போர்ட்ட எடுத்து பாத்தேன். கலெக்டட் காலைல 6.40, ரிசீவ்டு மத்தியானம் 1.10. ஆறரை மணி நேரமுங்க! ஐஸ் எல்லாம் ஒண்ணும் பாக்கலை, அந்த தம்பி நாலு டியூப்ல எடுத்துட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டுல சொருகி தோள்பையில வெச்சுட்டு இன்னும் அஞ்சு வீடு இருக்குதுங்ண்ணான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு போனாரு, வெயில் வேற. அவர சொல்லி குத்தமில்லைங்க, அவருக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. காய்ச்சலும் வந்துச்சு, டெஸ்ட்டுக்கு பத்து நாள் முன்ன சளி காய்ச்சல், மூணு நாள் படுத்திருந்தேன். அப்ப ரிசல்ட் பொய்யிங்களா?

தீபா_லேப்:

பொய்யின்னு சொல்ல மாட்டேன் அண்ணா, ஆனா அந்த நம்பர வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. எவ்வளவு கொறஞ்சிருக்கும்ங்கறது அன்னிக்கு இருந்த சூடு, டியூப், ரத்தம் உடைஞ்சுதாங்கறத பொறுத்து மாறும், திரும்ப கணக்கு போட்டு எடுக்க வழி இல்ல. காய்ச்சலும் ஒரு காரணம்தான், உடம்புல அழற்சி இருக்கறப்ப பிளாஸ்மால சி இறங்கும், அதான் நாங்க ஆராய்ச்சிக்கு எடுக்கறப்ப கூடவே அழற்சிய காட்டற சிஆர்பிங்கற ரத்த டெஸ்ட்டும் பாப்போம், அது ஏறியிருந்தா அந்த ஆளோட ரிசல்ட்ட தனியா குறிச்சு வெப்போம்.

ஆராய்ச்சி வசதி இருக்கற மெடிக்கல் காலேஜ் லேப்ல கேளுங்க, நீங்களே நேர்ல போய் குடுக்கற மாதிரி. ஃபோன்லயே ஒரு கேள்வி கேட்டா போதும், வைட்டமின் சிக்கு எடுத்த உடனே ஆசிட் போட்டு ஸ்டெபிலைஸ் பண்ணுவீங்களான்னு. முழிச்சாங்கன்னா அங்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டதோட நிறுத்தி வெறும் வயித்துல போங்க, முந்தின நாள் ஜூஸ், சத்து மாத்திரை எதுவும் வேண்டாம், அது காலைல அளவ தூக்கி காட்டிடும். அப்பறம் ஒரு வேண்டுகோள், திரும்ப எடுக்கற வரைக்கும் சாப்பாட்ட மாத்தாதீங்க, அப்பதான் உங்க வழக்கமான சாப்பாட்டுல எவ்வளவு நிக்குதுன்னு தெரியும்.

புதுவை_களப்பணி:

தீபா சொன்னது முழுக்க சரி, ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அத சொல்லாம விட்டா எல்லாரும் லேப் தப்புன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. நான் ஊட்டச்சத்து படிச்சுட்டு கிராமங்கள்ல வேலை செய்யறேன். நம்ம ஊர்ல வைட்டமின் சி நெசமாவே கம்மிங்க.

2011-ல வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கு, வடக்க ஒரு இடம், தெக்க நம்ம புதுச்சேரி பக்கம், 60 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்க. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிங்க இல்ல, ஊர்ல இருக்கற ஜனங்க. தெக்க மட்டும் 2,970 பேர், வடக்க 2,668 பேர். தீபா சொன்ன அதே மெட்டாபாஸ்பாரிக் ஆசிட் போட்டு ஸ்டெபிலைஸ் பண்ணின பிளாஸ்மாலதான் பாத்தாங்க. அதுல தெக்க 45.7 சதவீதம் பேருக்கு வைட்டமின் சி லிட்டருக்கு 11 மைக்ரோமோலுக்கு கீழ, அதாவது பற்றாக்குறைன்னு சொல்ற கோட்டுக்கு கீழ. வடக்க 73.9 சதவீதம். நூத்துக்கு நாப்பத்தஞ்சு பேரு! நெல்லியும் கொய்யாவும் காய்க்கற மண்ணுல. பொம்பளைங்கள விட ஆம்பளைங்களுக்கு மோசம், வயசு ஏற ஏற மோசம், புகையிலை போடறவங்க, வெறகு அடுப்பு புகைல சமைக்கறவங்க, உடம்பு மெலிஞ்சவங்க இவங்களுக்கு மோசம். அமெரிக்கால 2003-04 சர்வேல இதே அளவுகோல்ல சுமார் 7 சதவீதம்தான்.

நொய்யல்கரை அண்ணனுக்கு வயசு 36, இந்த கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனா கீரையும் எலுமிச்சை சாதமும் சாப்பிடறேன் எப்படி கம்மியாகும்னு கேட்டீங்களே, அதுக்கு பதில் அடுப்படில இருக்கு. உங்க வீட்ல கீரைய எப்படி செய்வாங்கன்னு நெனச்சு பாருங்க. பொடியா அரிஞ்சுட்டு அப்பறம் அலசறது, நெறைய தண்ணில வேக வெக்கறது, தண்ணிய வடிக்கறது, கடைஞ்சு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் சூடு பண்ணி சூடு பண்ணி சாப்பிடறது. வைட்டமின் சி தண்ணில கரையும், சூட்டுல போகும், காத்துல போகும். கீரைல இரும்பு, நார், கரோட்டின் எல்லாம் கெடைக்கும், சி கெடைக்கும்னு நம்பக் கூடாது. எலுமிச்சை ஒரு பழம் புழிஞ்சா 20 மி.கி கிட்டதான் வரும், அத ஒரு சட்டி சாதத்துல நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) 2020-ல சொன்ன அளவு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி, பொம்பளைக்கு 65. இத்தனைக்கும் நம்ம கொய்யா 100 கிராம்ல 200 மி.கிக்கு மேல இருக்கு, ஒரே ஒரு நடுத்தர கொய்யா போதும் அன்னிய கணக்கு முடிஞ்சுது. நான் போற ஊர்ல வீட்டு வாசல்லயே கொய்யா மரம் நிக்கும், பழம் அணில் தின்னது போக சந்தைக்கு போயிடும், பெரியவங்க சளி புடிக்கும்னு தொட மாட்டாங்க. அத பாக்கறப்பதான் மனசு கஷ்டமா இருக்கும்.

பொதுமருத்துவர்_நெல்லை:

நான் பொது மருத்துவர், இந்த மூணு நம்பரையும் எப்படி படிக்கணும்னு மட்டும் சொல்றேன், ஏன்னா லேப்காரங்க செவப்பு கலர் அடிக்கறதோட நிறுத்திடறாங்க.

வைட்டமின் சி. உங்க 0.17 மி.கிய மைக்ரோமோல் கணக்குக்கு மாத்த 56.8-ஆல பெருக்கினா லிட்டருக்கு 10 மைக்ரோமோல் கிட்ட வரும். 11-க்கு கீழ பற்றாக்குறை, 28 வரைக்கும் குறைவு, 50-க்கு மேல நல்லது, 70, 80-ல உடம்பு ரொம்பிடும். ரொம்பறதுன்னா என்னன்னு அமெரிக்கால என்ஐஹெச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல லெவின்னு ஒருத்தர் 1996-ல அழகா காமிச்சாரு. ஏழு ஆரோக்கியமான இளைஞர்கள மாசக்கணக்குல ஆஸ்பத்திரியிலயே தங்க வெச்சு, சி ரொம்ப கம்மியான சாப்பாடு குடுத்து அளவ கீழ இறக்கிட்டு, அப்பறம் 30 மி.கில ஆரம்பிச்சு 2,500 வரைக்கும் படிப்படியா ஏத்தினாங்க. 30-க்கும் 100-க்கும் நடுவுல ரத்த அளவு செங்குத்தா ஏறுது, 200 தாண்டினா கோடு படுத்துடுது, மீதிய குடல் சரியா உறிஞ்சாது, உறிஞ்சினதையும் கிட்னி வெளிய தள்ளிடும். வெள்ளை அணுக்கள் 100 மி.கிலயே ரொம்பிடுச்சு. அப்ப ஒரு கொய்யா சாப்பிடறவருக்கு 1000 மி.கி மாத்திரை என்ன பண்ணும்னு நீங்களே பாருங்க. சில பேருக்கு கிட்னி கல்லுக்கும் வழி பண்ணும்.

வைட்டமின் ஈ. இதுல நார்மல்னு போட்டத அப்படியே எடுத்துக்க கூடாது, காரணம் உங்க கொலஸ்ட்ரால். ஈ ரத்தத்துல தனியா சுத்தாது, கொழுப்பு வண்டியில ஏறித்தான் போகும். வண்டி நெறைய இருந்தா ஈயும் நெறைய இருக்கற மாதிரி தெரியும். அதனால ஈய கொலஸ்ட்ராலால வகுத்து பாக்கணும். உங்க 14, மைக்ரோமோல்ல 32.5 கிட்ட, கொலஸ்ட்ரால் 248, மில்லிமோல்ல 6.4, வகுத்தா 5 வருது. 2.2-க்கு கீழ போனாத்தான் பற்றாக்குறை. நீங்க நல்லா இருக்கீங்க. சாதாரண சாப்பாடு சாப்பிடற பெரியவங்களுக்கு ஈ பற்றாக்குறை வர்றதே அபூர்வம், கொழுப்பு உறிஞ்சாத குடல், கல்லீரல் நோய் இருந்தா வரும்.

பீட்டா கரோட்டின். இதுக்கு பற்றாக்குறைன்னு ஒத்துக்கிட்ட கோடே கிடையாது, அவங்க லோன்னு போட்டதே தப்பு. சுவிட்சர்லாந்துல கேய்னு ஒரு விஞ்ஞானி ஐரோப்பா ஊர்கள்ல ஆரோக்கியமான ஆம்பளைங்க ரத்தத்த எடுத்து இதய நோய் சாவு கம்மியான ஊர்ல எந்த வைட்டமின் எவ்வளவு இருக்குன்னு ஒப்பிட்டாரு, அவரு சி 50-க்கு மேல, ஈ 30-க்கு மேல, கரோட்டின் 0.4 மைக்ரோமோலுக்கு மேல இருந்தா நல்லதுன்னு சொன்னாரு. உங்களது 0.26. கீரை சாப்பிட்டும் ஏன் கம்மின்னா, கொலஸ்ட்ராலுக்காக எண்ணெய சுத்தமா நிறுத்தியிருக்கீங்களா? கரோட்டினுக்கு வேகவும் வேணும், கூட கொஞ்சம் எண்ணெயும் வேணும், இல்லாட்டி குடல் வழியா சும்மா போயிடும்.

இப்ப அந்த பேக். இத ரொம்ப அழுத்தமாவே சொல்றேன். ரத்தத்துல இந்த வைட்டமின் நெறைய இருக்கறவங்க நல்லா இருக்காங்கன்னு பாத்து, அப்ப மாத்திரையா குடுத்தா என்னன்னு உலகம் முழுக்க சோதிச்சு முடிச்சாச்சு. ஃபின்லாந்துல 29,133 சிகரெட் புடிக்கற ஆம்பளைங்க, தினம் 20 மி.கி பீட்டா கரோட்டின், 1994-ல முடிவு வந்துச்சு, நுரையீரல் புற்றுநோய் கொறையல, 18 சதவீதம் கூடியிருந்துச்சு. அமெரிக்கால கேரட் (CARET)னு ஒரு சோதனை, புகைக்கறவங்களும் ஆஸ்பெஸ்டாஸ் வேலை பாத்தவங்களும், கரோட்டினோட வைட்டமின் ஏவும் குடுத்தாங்க, நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், பாதியிலயே நிறுத்தினாங்க. உங்களுக்கு சொன்ன அதே வைட்டமின் ஈ 400 யூனிட், செலக்ட் (SELECT)னு ஒரு சோதனைல 35 ஆயிரம் ஆம்பளைங்களுக்கு மேல சேத்து குடுத்து பாத்தது, 2011-ல புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். ஒரு பழத்துக்குள்ள இருக்கறப்ப நல்லது பண்ணின பொருள் மாத்திரைல அதையே பண்ணும்னு நெனச்சது தப்பா போச்சு.

இங்கிலாந்து நார்ஃபோக்ல 19,496 பேர் ரத்தத்துல வைட்டமின் சிய அளந்து வெச்சு பல வருசம் பாத்தாங்க, மத்தவங்கள விட 20 மைக்ரோமோல் அதிகமா இருந்தவங்களுக்கு சாவு வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கம்மி, அந்த 20-ங்கறது ஒரு நாளைக்கு 50 கிராம் பழம் காய்கறிக்கு சமம். அந்த நம்பர் எனக்கு சொல்றது, இந்த ஆளு தட்டுல பழம் காய்கறி எவ்வளவு இருக்குன்னுதான். ஆரோக்கியமான ஆளுக்கு இந்த டெஸ்ட்டோட உபயோகமும் அவ்வளவுதான், அதுவும் ஒழுங்கா எடுத்திருந்தா. மொத்த ஆன்டிஆக்சிடன்ட் கெப்பாசிட்டின்னு இன்னொரு டெஸ்ட்டும் விக்கறாங்க, அதுக்கு காசு குடுக்காதீங்க, அதுல யூரிக் ஆசிட்டும் நம்பர நெறைய ஏத்திடும்.

சேலத்து_அம்மா:

டாக்டர் சார் சொன்னதுல கரோட்டின் பத்தி ஒண்ணு. எங்க பையனுக்கு ஸ்கின் நல்லா இருக்கும்னு யாரோ சொல்லி தினம் ரெண்டு டம்ளர் கேரட் ஜூஸ் ஒரு ரெண்டு மாசம் குடிச்சான், உள்ளங்கை, பாதம், மூக்கு ஓரம் எல்லாம் மஞ்சளா ஆகி மஞ்சக்காமாலைன்னு பயந்து ராத்திரியோட ராத்திரியா ஓடினோம், அங்க டாக்டரம்மா டார்ச் அடிச்சு கண்ண பாத்துட்டு கண்ணு வெள்ளை வெள்ளையாவே இருக்கே, கேரட் சாப்பிடறியான்னு தான் மொத கேள்வி கேட்டாங்க. காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும், இதுல ஆகாதாம். நிறுத்தினதும் கொஞ்ச வாரத்துல தானா சரியாச்சு. பயந்தது மட்டும் மறக்கல.

ரிட்டயர்டு_63:

தம்பி, சுகர் இருக்கறவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்காக. எனக்கு 14 வருசமா சுகர். கொரோனா சமயத்துல பயந்து வைட்டமின் சி மாத்திரை நாளைக்கு நாலு போட்டேன். வீட்டு மெஷின்ல சுகர் கூடவே காமிச்சுது, இன்சுலின் ஊசி அளவ ஏத்தலாமான்னு கூட யோசிச்சேன், லேப்ல எடுத்தா அவ்வளவு இல்ல. டாக்டர்தான் சொன்னாரு, சி அதிகமா இருந்தா சில மெஷின் ஸ்ட்ரிப் அதையும் சக்கரைன்னு எண்ணிடும்னு. நல்ல வேளை நானா ஊசிய ஏத்தல. மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, சத்து மாத்திரைதானேன்னு மறைக்காதீங்க.

நொய்யல்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ரிசல்ட்டோட வரலாம்னு இத்தனை நாள் பேசாம இருந்தேன். தீபா சொன்ன மாதிரியே நாலு எடத்துல ஃபோன் பண்ணி அந்த கேள்விய கேட்டேன், மூணு எடத்துல சார் அதெல்லாம் தெரியாதுங்கன்னாங்க, நாலாவது எடத்துல ஒரு மேடம் வாங்க, ஆனா காலைல எட்டு மணிக்குள்ள வந்துடுங்க, ஐஸ் ரெடியா வெக்கறேன்னாங்க. சாப்பாட்ட ஒண்ணும் மாத்தலை, காய்ச்சல் போய் நாலு வாரம் ஆச்சு. கண்ணு முன்னாடியே தெர்மோகோல் பெட்டில ஐஸ்ல வெச்சு பக்கத்து ரூமுக்கு கொண்டு போனாங்க, பாக்கவே ஒரு நம்பிக்கை வந்துச்சுங்க.

ரிசல்ட் 0.41. டாக்டர் சொன்ன கணக்குல பெருக்கினா 23. அப்ப ரெண்டு பேர் சொன்னதும் சரிங்க, மொதல்ல வந்த நம்பர் தப்பு, ஆனா எனக்கு கம்மிங்கறது நெசம். எண்ணெய பத்தி டாக்டர் கேட்டதும் கரெக்டுங்க, ஆறு மாசமா கீரைக்கு தாளிப்பே கெடையாது, எல்லாம் வெறும் வேக வெச்சது. பேக் வாங்கலை. இப்ப காலைல ஒரு கொய்யா, வீட்டுக்காரம்மா கீரைய அலசிட்டு அரியறாங்க, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்தறாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே மேடம்கிட்ட திரும்ப எடுக்கறேன்.

ஆனா புதுவைக்காரர் எழுதினத படிச்சதுல இருந்து எனக்கு அப்பா நெனப்பாவே இருக்குதுங்க. 71 வயசு, 40 வருசம் பீடி, இப்பவும் நாளைக்கு நாலஞ்சு. ஊர்ல தனியாத்தான் இருக்கறாரு, வெறகடுப்பு. போன வாரம் போனப்ப பல்லு வெளக்கறப்ப வாஷ்பேசின்ல ரத்தம் பாத்தேன், கேட்டா பல்லே நாலு தான் இருக்கு விடுடாங்கறாரு. கால்ல அங்கங்க கருநீலமா இருக்கு, இடிச்சுகிட்டேங்கறாரு. அவருக்கு இந்த டெஸ்ட் எடுக்கலாங்களா?

பொதுமருத்துவர்_நெல்லை:

தம்பி, அப்பாவ இந்த வாரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. டெஸ்ட்டுக்கு அலைஞ்சு நாள் கடத்த வேண்டாம். ஈறு, கால்ல தன்னால நீலம், பீடி, வயசு, தனி சமையல், இத்தனையும் சேந்தா நான் வைட்டமின் சிய நினைப்பேன், ஆனா ரத்தம் உறையறது, தட்டணு (பிளேட்லெட்), கல்லீரல், அவர் போடற மாத்திரை எல்லாமும் பாத்தே ஆகணும், ரத்தம் மெலிசாக்கற மாத்திரை போடறாரான்னு கட்டாயம் கேளுங்க. சி கம்மின்னா அங்க டாக்டர் மாத்திரை குடுப்பாரு, அது வைத்தியம், உங்களுக்கு விக்க பாத்த பேக் வேற, இது வேற, பயப்படாம குடுங்க. பீடி புடிக்கறவருக்கு மத்தவங்கள விட நாளைக்கு 35 மி.கி கூடவே தேவைன்னு அமெரிக்க கணக்கு இருக்கு.

புதுவை_களப்பணி:

அண்ணா, பல்லு இல்லாதவங்களுக்கு கொய்யா கடிக்க முடியாது. நாங்க ஊர்ல சொல்றது இதுதான். ரெண்டு பெரிய நெல்லிக்கா கொட்டைய எடுத்துட்டு, உப்பு, கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை போட்டு மிக்சில அடிச்சு மோருல கலந்து அப்பவே குடிக்கணும், வடிகட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், ஃப்ளாஸ்க்குல ஊத்தி வெக்க வேண்டாம். நல்லா பழுத்த பப்பாளி ஈறாலயே மென்னுடலாம். அவருக்கு கிட்னி கோளாறு ஏதும் இல்லையான்னு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. தனியா இருக்கறாருன்னா பக்கத்து வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சுட்டு வாங்க, நீங்க கெளம்பினதும் அவரு பழையபடி சோறும் ரசமும்னு போயிடுவாரு.

நொய்யல்கரை:

பக்கத்து வீட்டு அக்காகிட்ட இப்பத்தான் பேசினேனுங்க, அவங்க வீட்டு கொல்லைலயே நெல்லி மரம் நிக்குதாம், தெனமும் மோரோட குடுத்துடறேன்னுட்டாங்க. சனிக்கெழமை அப்பாவ கூட்டிட்டு போறேன், போயிட்டு வந்து எழுதறேன்.